மண் கல்லுக்கு 28 நாள், விழாவுக்கு 12ஆம் தேதி

கேள்வி: 2.10.2024

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஒன்று சமுதாயக் கூடம் கட்ட இருக்கிறது. நூலகம், மாலை வகுப்பு, தையல் பயிற்சி எல்லாம் அதில் நடக்கும் என்கிறார்கள். சூளைச் செங்கல் வேண்டாம், மண் கல்லில் கட்டுவோம், அதுதான் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். மண் சுவர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாங்குமா? 'சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம்' என்பது நன்கொடை கேட்பதற்காக வைத்த பெயரா, உண்மையிலேயே அதில் விஷயம் இருக்கிறதா? கட்டிப் பார்த்தவர்கள் முதலில் சொல்லுங்கள். படித்துப் பார்த்தவர்கள் பிறகு சொல்லலாம்.

3.10.2024

கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், இளைஞர்கள் நடத்தும் அறக்கட்டளை ஒன்றுக்கு இதே வகைக் கூடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், சம்பளம் இல்லாமல் அங்கே நின்றுகொண்டிருக்கிறேன். அமைப்பின் பெயரைக் கேட்க வேண்டாம். நான் எழுதப்போவதில் குறைகளும் வரும்.

'மண் சுவர்' என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. நம் பாட்டன்மார் மண்ணை மிதித்துக் குழைத்து, ஒரு முழம் உயரத்துக்கு வைத்து, காய்ந்த பிறகு அடுத்த முழம் வைத்தார்களே, அது ஒன்று. நாங்கள் செய்வது வேறு. சலித்த செம்மண்ணோடு எடையில் இருபதில் ஒரு பங்கு சிமெண்டு கலந்து, ஈரத்தைக் குறைவாக வைத்து, இயந்திரத்தில் அழுத்திக் கல்லாக எடுக்கிறோம். சூளை கிடையாது, விறகு கிடையாது. எடுத்த கல்லை நிழலில் அடுக்கி, முதல் இரண்டு நாள் மூடி வைத்து, அதன் பிறகு நான்கு வாரம் தண்ணீர் தெளித்துக் காக்க வேண்டும். 28 நாள் ஆன கல்லுக்கு மழை ஒரு பொருட்டில்லை. எங்கள் வட்டாரத்துக்கு இது புதுமையும் இல்லை. ஆரோவில்லின் பார்வையாளர் மையம் 1989இல் தொடங்கி 1992க்குள் இவ்வகைக் கற்களால் கட்டப்பட்டது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டபோதும் அது நின்றது.

எங்கள் கூடம் நாற்பது அடிக்கு இருபத்தேழு அடி. ஒரு கல் 24 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 9 சென்டிமீட்டர் உயரம். எடை பத்துக் கிலோ. மொத்தம் ஐயாயிரம் கற்கள் தேவை. மண்ணை வெளியிலிருந்து வாங்கவில்லை. கூடத்துக்குப் பின்னால் ஆறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் குழி தோண்டி எடுக்கிறோம், அந்தக் குழியே பிறகு கூரைத் தண்ணீர் சேரும் குட்டையாகும். மேல்மண்ணை மட்டும் தனியே ஒதுக்கித் தோட்டத்தில் கொட்டிவிட்டோம், ஏனென்றால் வேரும் இலைமக்கும் கலந்த மண் கல்லுக்கு ஆகாது. ஐயாயிரம் கல்லுக்கும் சேர்த்து முப்பது மூட்டை சிமெண்டுதான் செலவாகும்.

இரண்டாவது கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. எழுத எழுத வரும் என்று நினைக்கிறேன்.

5.10.2024

முப்பது மூட்டை என்று எழுதியது தவறு. கல் பத்துக் கிலோ என்றால் சிமெண்டு அரைக் கிலோ, ஐயாயிரம் கல்லுக்கு 2,500 கிலோ, ஐம்பது மூட்டை. ஓய்வு பெற்றதிலிருந்து கணக்கை மனத்தில் போடுகிறேன், அதன் பலன் இது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. அவர் சேர்த்து எழுதிய கேலி தேவையற்றது என்றாலும் பொருத்தமாகவே இருந்தது.

19.10.2024

கல் எடுக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. அறக்கட்டளைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஊரிலிருந்து கூலிக்கு நான்கு பேர், ஒரு மேஸ்திரி. நன்றாகப் பழகிய எட்டுப் பேர் ஒரு நாளில் ஆயிரம் கல் எடுப்பார்கள் என்பது இந்த இயந்திரத்துக்கான கணக்கு. நாங்கள் முதல் நாள் எடுத்தது 140. இப்போது நானூறைத் தொட்டிருக்கிறோம்.

மண் சரியா என்று பார்க்கும் முறையை ஒருவர் கேட்டிருந்தார். ஆய்வுக்கூடம் வேண்டாம். அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குடுவையில் கால் பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடிக் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் குலுக்கி, அசையாத இடத்தில் வைத்துவிட வேண்டும். சரளையும் மணலும் கண்ணெதிரே அடியில் இறங்கும். அதன் மேல் வண்டல் மெல்ல அமரும். களி, அதாவது நுண்ணிய களிமண், இரவு முழுக்கத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்து காலையில்தான் அடங்கும். நூறு பங்கில் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற அளவுக்கு அருகில் இருந்தால் சிமெண்டு கலந்த கல்லுக்கு ஏற்ற மண். தண்ணீரில் களி ஊதிக் காட்டும் என்பதால் அடுக்கின் உயரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. கையால் பிசைந்தும், விரலில் நீட்டிப் பார்த்தும், காய்ந்த உருண்டையை உடைத்தும் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கலவையின் ஈரத்துக்கு வேறு சோதனை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டால் நான்கைந்து துண்டாக உடைய வேண்டும். மாவாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது, சப்பென்று ஒட்டினால் அதிகம். பள்ளி முடித்த ஒரு பெண் இதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் கையில் பட்டுச் சரி என்றால்தான் கலவை இயந்திரத்துக்குப் போகிறது. மேஸ்திரிக்கு இது கொஞ்சம் உறுத்தல். பச்சைக் கல்லின் மூலையை நகத்தால் கீறிவிட்டு, "சார், இது கல்லா, மைசூர் பாகா?" என்று என்னைக் கேட்டார். 28 நாள் கழித்துக் கீறிப் பாருங்கள் என்றேன்.

26.10.2024

'மண் என்றாலே வறுமை' என்று எழுதியவருக்கு. எங்கள் பக்கம் ஒரு குடும்பம் முன்னேறியதற்கு அடையாளமே குடிசை போய் மெத்தை வீடு வந்ததுதான். எனவே "படித்த பிள்ளைகள் எங்களைத் திரும்பவும் மண்ணுக்கு இழுக்கிறார்கள்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டபோது நான் அவரை மறுக்கவில்லை. அவர் பிறந்த வீட்டின் சுவர் ஒரு கார்த்திகையில் சரிந்தது, அதை அவர் நேரில் பார்த்தவர்.

வங்காளதேசத்தின் வடக்கே, தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ரபூர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தீப்ஷிகா என்ற தொண்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு இறுதியில் மண்ணும் மூங்கிலும் கொண்டு மாடியோடு ஒரு பள்ளியைக் கட்டியது. வடிவமைத்தவர்கள் அன்னா ஹெரிங்கர், ஐகே ரோஸ்வாக் என்ற இருவர். மண்ணோடு வைக்கோல் சேர்த்து மாடு விட்டு மிதிக்கவைத்தார்கள். அடுக்கடுக்காக வைத்து, காய்ந்ததும் மண்வெட்டியால் செதுக்கிச் சுவராக்கினார்கள். சிமெண்டு கலந்த எங்கள் கல்லைவிட நம் பாட்டன் சுவருக்கே இது நெருக்கம். ஆனால் பாட்டன் சுவரில் இல்லாத இரண்டு அங்கே உண்டு. அடியில் செங்கல் கடைக்காலும், தரை ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் படலமும் வைத்திருக்கிறார்கள். மேலே சுவரை நனையவிடாத அகன்ற இறவாரம் இருக்கிறது. 2007இல் அதற்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நம்மைப் போலவே கொட்டும் மழைநாடு அது.

பெரியவர் வீட்டுச் சுவர் சரிந்ததற்குக் காரணம் மண் அல்ல என்று இப்போது சொல்ல முடிகிறது. பேஸ்மட்டம் ஒரு சாண் உயரம்தான், கூரை ஓலை மூன்று வருடம் மாற்றப்படவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "மூணு வருஷம் ஓலை மாத்தக் காசு இல்லைங்க" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேச்சில்லை.

29.10.2024

முன்பு ஒரு பதிலில் நான் 'கையழுத்து இயந்திரம்' என்று எழுதியதை ஒரு நண்பர் கையெழுத்து இயந்திரம் என்று படித்துவிட்டு, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறார். கையால் நெம்புகோலை இழுத்து அழுத்தும் இயந்திரம், ஐயா. இனி வெறும் இயந்திரம் என்றே எழுதுகிறேன்.

10.11.2024

முதல் நாள் எடுத்த கற்களுக்கு 28 நாள் நிறைந்தது. மேஸ்திரி ஒரு கல்லை எடுத்து நகத்தால் கீறினார், பிறகு ஆணியால் கீறினார், பிறகு ஒரு கல்லின் மேல் இன்னொன்றைத் தட்டி ஒலி கேட்டார். ஒன்றும் சொல்லாமல் நூல் கட்டி முதல் வரிசை வைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தவறை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அடைமழை வரும் நேரத்தில் மண் கல் எடுக்கத் தொடங்கியதே தவறு. தை பிறந்த பிறகு தொடங்கி, சித்திரைக்குள் சுவர் முடித்து, ஆடிக்கு முன் கூரை போட வேண்டிய வேலை இது. நிதி செப்டம்பரில் வந்தது. விழாத் தேதியும் அதனோடு சேர்ந்தே வந்தது: ஜனவரி 12, தேசிய இளைஞர் நாள், விவேகானந்தர் பிறந்த நாள். இளைஞர் அமைப்புக்குப் பொருத்தமான நாள் என்பதில் ஐயமில்லை. மண்ணுக்குப் பொருத்தமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, முப்பத்தோரு வருட அனுபவத்தோடு.

2.12.2024

பத்திரமாக இருக்கிறோம். மின்சாரம் இன்று மாலைதான் வந்தது.

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை என்கிறார்கள். எங்களுக்கும் அதற்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. நேற்றுக் காலை முழங்காலளவு தண்ணீரில் நடந்து தளத்துக்குப் போனோம்.

ஜன்னல் மட்டம் வரை எழும்பியிருந்த சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல் வரிசையில் சாந்து கொஞ்சம் கழுவப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் தாண்டிய கற்களும் தண்ணீரில் நின்று அப்படியே இருக்கின்றன.

போனது வியாழக்கிழமைக் கற்கள். புயலுக்கு முன் முடித்துவிடலாம் என்று இரவில் விளக்குப் போட்டுப் பிள்ளைகள் அழுத்திய 260 கற்கள். இரண்டு நாள்கூட நிறையவில்லை. சவுக்குக் கழியில் கட்டியிருந்த தார்ப்பாய் பக்கத்துக் கொல்லையின் முந்திரி மரத்தில் தொங்கியது. கல் அடுக்கு இருந்த இடத்தில் மூலைகள் மழுங்கி, அடி வரிசை இளகி, வெல்லம் மழையில் நனைந்தது போல ஒன்றோடொன்று ஒட்டிய செம்மண் மேடு. கலவை பார்க்கும் அந்தப் பெண் குனிந்து ஒரு கல்லைத் தூக்கப் பார்த்தாள். பாதி கையோடு வந்தது, பாதி தரையில் இருந்தது. மைசூர் பாகு என்று மேஸ்திரி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தார்ப்பாயை எடுக்கப் போனார்.

குட்டை ஒரே இரவில் நிரம்பி வழிந்தது.

8.12.2024

தேதி விவகாரம் இது.

புயலால் பத்து நாள் போயிற்று. மீதிக் கல் எடுத்து, 28 நாள் காத்து, சுவர் முடித்து, கூரை போட வேண்டும். கூடத்தின் அகலம் எட்டு மீட்டர் என்பதால் குறுக்கே பீம் உண்டு. அந்த நீளத்துப் பீமுக்கு முட்டுகளை 21 நாள் எடுக்கக் கூடாது. எந்தக் கணக்குப் போட்டாலும் ஜனவரி 12க்கு முடியாது. இதை அறக்கட்டளைக் கூட்டத்தில் சொன்னபோது, நிதி கொடுத்த நிறுவனத்திலிருந்து வந்தவர் அமைதியாக ஒரு யோசனை சொன்னார்: மீதிச் சுவரைச் சிமெண்டுக் கல்லில் கட்டிச் செம்மண் நிறப் பூச்சுக் கொடுத்துவிடலாம், மேலே தகரக் கூரை போதும், படத்தில் வித்தியாசம் தெரியாது.

படத்தில் தெரியாதுதான். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் மேலே ஆண்டறிக்கை இருக்கிறது. முதல் பதிவில் பாக்கி வைத்த இரண்டாவது கேள்விக்கு என் விடை இந்தக் கூட்டத்தில்தான் கிடைத்தது. சுட்ட செங்கல்லில் நெருப்பு நான்கு வாரத்து வேலையைச் சில நாட்களில் முடிக்கிறது. அந்த நெருப்பைத் தவிர்க்கிறோம் என்றால் அந்த வேலையை நாட்கள் செய்ய வேண்டும். சுற்றுச்சூழலுக்கு நாம் கொடுக்கும் விலை பெரும்பாலும் நாட்களாகவே போகிறது, ஆனால் திட்ட அறிக்கையில் பணத்துக்குப் பக்கம் உண்டு, நாளுக்கு இல்லை.

பிள்ளைகள் வாக்கெடுத்தார்கள். காத்திருப்பது என்று முடிவாயிற்று, ஏழுக்கு ஐந்து. அந்த ஐந்து பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அழைப்பிதழைத் தெருத்தெருவாகக் கொடுத்தவர்கள் அவர்கள்.

21.12.2024

லடாக்கில் செக்மோல் என்ற கல்வி இயக்கத்தின் வளாகத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், "அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது" என்று. நல்ல எடுத்துக்காட்டு. 1988இல் சோனம் வாங்சுக்கும் அவரைப் போன்ற கல்லூரி மாணவர்களும் தொடங்கிய இயக்கம் அது. இளைஞர் அமைப்பு என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. லே நகருக்குக் கொஞ்சம் தொலைவில், ஃபே கிராமத்தில், மண்ணை இடித்து இறுக்கிய சுவர்களால் தங்கள் வளாகத்தைக் கட்டினார்கள். தெற்கு நோக்கிய முகப்பு குளிர்கால வெயிலை வாங்கிச் சுவரில் சேமிக்கிறது. வெளியே உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இருக்கும்போதும் உள்ளே பிள்ளைகள் கணப்பு இல்லாமல் படிக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு 2016இல் லியோனில் டெர்ரா விருது கிடைத்தது. வளாகத்தின் அன்றாட நிர்வாகத்தை மாணவர்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு விருதைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் இங்கே அந்த முகப்பை வைத்தால் கூடம் அடுப்பாகிவிடும். அங்கே வெயிலை உள்ளே அழைக்க வேண்டும், இங்கே வாசலோடு அனுப்ப வேண்டும். அங்கே காற்றை அடைக்க வேண்டும், இங்கே எதிரெதிர் ஜன்னல் வைத்துக் கடற்காற்றை ஓடவிட வேண்டும். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரைபடம் இல்லை. கேரளத்தில் சிக்கனக் கட்டடங்கள் கட்டிய கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் காந்தியின் ஒரு கருத்தை அடிக்கடி நினைவுகூர்வார்: வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும். அந்த ஐந்து மைலுக்குள் அடிக்கும் வெயிலையும் பெய்யும் மழையையும் சேர்த்துக்கொண்டால் வரைபடம் தானாக மாறிவிடும்.

13.1.2025

நேற்று விழா நடந்தது, திறப்பு நடக்கவில்லை. லிண்டல் மட்டத்துச் சுவர்களுக்கு நடுவே, கூரையில்லாத கூடத்தில், பந்தல் போட்டு இளைஞர் நாள் கொண்டாடினோம். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கல் கொடுத்து வரிசையில் வைக்கச் சொன்னார்கள். மண்ணுக்கு இழுக்கிறார்கள் என்று கோபித்த பெரியவரும் ஒரு கல் வைத்தார். ரசமட்டம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

ஒரு சங்கடம். '12.1.2025 அன்று திறந்து வைக்கப்பட்டது' என்று செதுக்கிய கருங்கல் பலகை ஒன்று வந்திருக்கிறது. நான்கு அடி நீளம், நல்ல கல். முன்பணம் கொடுத்ததால் செதுக்கி முடித்துவிட்டார்களாம். என்ன செய்வது என்று தெரியாமல் சுவரோரம் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

16.2.2025

கூரை போட்டாயிற்று. இந்தப் பதிவு எனக்கு எதிராக நானே எழுதுவது.

கூரையைக் காங்கிரீட்டில்தான் போட்டோம். கூரைப் பலகையின் கீழ்ப்பகுதியில் இழுப்பைக் கம்பிதான் தாங்குகிறது, காங்கிரீட் சும்மா கிடக்கிறது என்பதால், அங்கே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து நிரப்பினோம், பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. அப்படி இருந்தும் கூரைக்கும் பீமுக்கும் சேர்த்து எழுபது மூட்டைக்கு மேல் சிமெண்டு போயிற்று. ஐயாயிரம் கல்லுக்கு ஐம்பது, ஒரு கூரைக்கு எழுபது! மண் கட்டடம் என்று ஊரெல்லாம் பெயர். சிமெண்டு மாடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். எரிபொருளின் புகை ஒருபக்கம், கல்லுக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயு இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதை, எரிபொருளை மாற்றினாலும் தடுக்க முடியாது. கல்லாலேயே வளைவுக் கூரை எழுப்பியிருக்கலாம், ஆரோவில்லில் அதைச் செய்கிறார்கள். அதற்குப் பழகிய கொத்தனார் எங்களிடம் இல்லை, எட்டு மீட்டர் அகலத்தில் பழகிப் பார்க்க எனக்குத் துணிவும் இல்லை.

கழிப்பறைச் சுவர்களை எலிப்பொறிக் கட்டில், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டினோம். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். ஆம், செங்கல்தான். 260 கற்கள் கரைந்த பிறகு, தண்ணீர் புழங்கும் இடத்தில் மேஸ்திரி மண் கல்லுக்கு ஒப்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

15.4.2025

நேற்று, சித்திரை முதல் நாள், கூடம் திறக்கப்பட்டது. ரிப்பன் இல்லை, கத்தரி இல்லை. கலவை பார்த்த பெண் கதவைத் திறந்தாள், பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார்கள். நிதி நிறுவனத்தார் வந்து உட்கார்ந்திருந்துவிட்டு, அன்பாகவே பேசி, தேநீர் குடித்துப் போனார்கள்.

தேநீர் வைத்த மேடைதான் அந்தக் கருங்கல் பலகை. எழுத்துள்ள பக்கத்தைக் கீழே கவிழ்த்து, மேல்பக்கத்தை இழைத்து, சமையலறையில் பதித்துவிட்டார் மேஸ்திரி. குனிந்து கையை அடியில் விட்டுத் தடவினால் 'திறந்து வைக்கப்பட்டது' என்பது விரலில் படும். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள். விருந்தினருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

11.5.2025

அக்னி நட்சத்திரம். 'மண் சுவர் குளிர்ச்சியாக இருக்கும்' என்று நான் பலரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே நிழலில் 39, உள்ளே 34. சந்தோஷம். இரவு ஒன்பதுக்கு வெளியே 31, உள்ளே 33. பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டைச் சுவரும் கூரையும் இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. எனவே மாலை வகுப்புப் பிள்ளைகள் ஏழு மணிக்கு மேல் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். தடித்த சுவர் பகல் நேரக் கட்டடத்துக்கு நல்லது. இரவில் தூங்கும் வீட்டுக்கு, புழுக்கமான இந்தக் கரையோரத்தில், யோசித்துத்தான் வைக்க வேண்டும். நூலகம் பகலில் நடப்பதால் தப்பித்தோம், திட்டமிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

கூரைக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறோம். அடித்த பிறகு வெப்பமானிகளை மீண்டும் தொங்கவிடுவேன்.

14.5.2025

செலவு எவ்வளவு என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். சூளைச் செங்கல்லில் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் தொகைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பணம் போன திசைதான் மாறியது. செங்கல் லாரிக்குப் போயிருக்க வேண்டியது நான்கு வீடுகளுக்கு ஐந்து மாதக் கூலியாகப் போயிற்று. அந்த நால்வரில் இருவரை இயந்திரத்தோடு சேர்த்துத் திண்டிவனம் பக்கம் ஒரு வீட்டு வேலைக்கு அழைத்திருக்கிறார்கள்.

22.6.2025

கேள்வி கேட்ட மன்னார்குடிக்காரர் நேற்று நேரிலேயே வந்துவிட்டார், இரண்டு இளைஞர்களோடு, துணிப்பையில் தங்கள் ஊர் மண்ணோடு. சுற்றிப் பார்த்தார், சுவரை ஆணியால் கீறினார், இறவாரத்தின் அகலத்தை முழம் போட்டார். "எப்போது திறக்கப்போகிறீர்கள்?" என்று அவர் பிள்ளைகளைக் கேட்டேன். பொங்கலுக்கு என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, மேஸ்திரி சிரித்தார்.

பையைப் பிரித்தால் கறுத்த களிமண். ஆற்றுப்படுகை வயல் மண் அப்படித்தான் இருக்கும். காய்ந்தால் விரிசல் விடும், நனைந்தால் ஊதும். எங்கள் செம்மண்ணுக்குப் போட்ட கணக்கு இதற்கு உதவாது. மணல் நிறையச் சேர்க்க வேண்டியிருக்கும், அந்த மணலை எங்கிருந்து எடுப்பது என்பது அங்கே தனி வழக்கு. களி மிகுந்தால் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும், ஆனால் சுண்ணாம்பு சிமெண்டைவிட மெதுவாக இறுகும். மண் கல்லே வேண்டாம், எலிப்பொறிக் கட்டில் செங்கல்லைக் குறைத்துக் கட்டுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தாலும் வரலாம்.

எதுவானாலும் முதலில் குடுவை. கலவை பார்க்கும் பெண் மண்ணை அள்ளிப் போட்டு, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, குலுக்கி, சமையலறைக் கருங்கல்லின் மேல் வைத்தாள். அடியில் விரல் அகலத்துக்கு மணல் இறங்கியது. மேலே உள்ளதெல்லாம் டீத்தண்ணீர் போலக் கலங்கியே இருந்தது. வந்தவர்களுக்கு மாலை ரயிலுக்கு நேரமாயிற்று என்றார்கள், பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டு, இரவு கூடத்திலேயே படுத்துக்கொள்கிறோம் என்றார்கள். உள்ளே சூடாக இருக்கும் என்று எச்சரித்து, திண்ணையில் பாய் போட்டுக் கொடுத்தோம்.

இதை எழுதும்போது காலை மணி ஐந்தரை. இன்னும் தெளியவில்லை.